டைலர் அக்காவின் வீடியோ கால்

தெரிந்தவரைத் தெரியாதவர் மாதிரி பஸ் ஸ்டாண்டில் தாண்டிப் போவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். எச்.ஐ.வி. உள்ளவர்களை சென்னையில் இருக்கும் டாக்டரோடு போனில் பேச வைத்து, மாத்திரையைக் கையில் சேர்க்கிற வேலை. அப்பா நெய்வேலி மைன்ஸில் பெர்மனென்ட். நான் ஒரு ட்ரஸ்டில் கான்ட்ராக்ட். சுற்றுப்பட்டு கிராமமெல்லாம் என் ஸ்கூட்டிக்கு அத்துப்படி. "கேக்குதா, கேக்குதா" என்றே தொண்டை கட்டிப்போன சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

இரண்டு பஸ்

அவள் பெயர் தனம் என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயரைச் சொல்லி இன்னொரு தடவை அவளைக் காட்டிக்கொடுக்க எனக்குத் தெம்பில்லை. புருஷன் இதே நோயில் போய்ச்சேர்ந்தவன். மாமியாரிடம் சொன்னது மஞ்சள் காமாலை. தனம் மகளோடு மாமியார் வீட்டிலேயே இருந்துகொண்டு பண்ருட்டிக்கு முந்திரி உடைக்கப் போவாள். விஷயம் தெரிந்தால் தாய்க்கும் மகளுக்கும் அந்தக் கூரை கிடையாது. மாத்திரை நின்றால் அவளே கிடையாது.

மாதாமாதம் இரண்டு பஸ் மாறி, தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் கூலி போகும், வரிசையில் நின்று கால் வீங்கும். "இனிமே அலையாதே, டாக்டரே உன் போனுக்கு வருவார்" என்று பெருமையாகச் சொன்னேன். அவளுக்கு என்னவோ மனசு வரவில்லை. "அந்தக் கூட்டத்துல நான் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாதுக்கா. இங்க தெரு நாய்க்குக் கூட என்னைத் தெரியும்."

ஜாக்கெட் துணி

போனில் என் நம்பரை 'டைலர் அக்கா' என்று போட்டுக்கொள்ளச் சொன்னது நான்தான். மூளை! மாமியார் சும்மா இருப்பாரா? டைலர் என்றால் தைக்கத்தானே வேண்டும் என்று அளவு ஜாக்கெட்டோடு பச்சைத் துணியும் கொடுத்தனுப்பிவிட்டார். நான் மெயின் பஜாரில் கொடுத்துத் தைத்து, அந்தக் கவருக்குள்ளேயே மாத்திரை டப்பாவையும் வைத்துத் தனத்திடம் கொடுத்தேன். டப்பா குலுங்கிச் சத்தம் வராமலிருக்க உள்ளே பஞ்சு வைத்தேன். மறுநாளே மாமியார் போன்: "ஏம்மா, கை இறுக்கமா இருக்குது. ஆளைப் பாக்காமலே தெச்சா இப்படித்தான்!"

அப்போது சிரித்தேன். அந்த வேலையில் நான் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

முந்திரித் தோப்பு

டாக்டர் வீடியோவில் வந்தால் தனம் மகள் பள்ளிக்கூடப் பாடத்துக்கு வைத்திருந்த போனை எடுத்துக்கொண்டு முந்திரித் தோப்புக்குப் போய்விடுவாள். சருகுச் சத்தம், காற்றுச் சத்தம், நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி வேறு. டாக்டர் தங்கமான மனுஷன்தான். "வீட்ல நிம்மதியா உட்கார்ந்து பேசலாமேம்மா?" என்று கேட்டார். தனம் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"வூட்டுல செவுத்துக்கெல்லாம் காது இருக்குது சார். முந்திரி மரத்துக்கு அது இல்ல."

மழை

அன்றைக்குத் தோப்பில் முழங்கால் தண்ணீர். மாசக் கடைசி வேறு. அந்த மாசக் கணக்கில் எனக்கு இன்னும் ஒரு வீடியோ கால் பாக்கி. "மாமியார் வெளியே போயிருக்காங்கன்னு சொன்னியே, வீட்லயே பேசிடேன்" என்று நச்சரித்தேன். ஆமாம், நான்தான். எத்தனை தடவை கேட்டாலும் நான்தான்.

தகர ஷீட் போட்ட வீடு. மழை விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ஹெட்போன் பிய்ந்துபோனதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். டாக்டர் கத்தினார், இவளும் கத்தினாள். என் போனிலும் அதே காலில் நான் இருந்தேன். மழையில் நனைந்து திரும்பி வந்த மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரிகளும் வாசல் ஓரம் ஒதுங்கி நின்றது எங்கள் மூவருக்கும் தெரியாது. சட்டென்று மழை விட்டது. டாக்டருக்கு அங்கே எப்படித் தெரியும்? அவர் அதே தொண்டையில் கேட்டார்: "எச்.ஐ.வி. மாத்திரையை ஒரு நாள் கூட விடாம போடுறீங்களாம்மா?"

ரிப்போர்ட்

மறுநாள் ஆபீஸில் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். சூப்பர்வைசர் தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியைக் கூட்டிவைத்தார். கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. பிறகு லேப்டாப்பைத் திருப்பி மெதுவாகக் கேட்டார்: "கால் கனெக்ட் ஆச்சுல்ல? அப்ப 'கன்சல்டேஷன் முடிந்தது'ன்னு போட்டுடுங்க."

இரண்டு போன்கள்

தனத்தின் நம்பரைக் கூப்பிட்டபோது மாமியார் எடுத்தார். தாயும் மகளும் எங்கே என்று கேட்டேன். தெரியாதாம். துணிமணி? பாயோடு சேர்த்துக் கொளுத்தியாச்சாம். ஜாக்கெட் கவரும், மூன்று மாச மாத்திரையும் அதோடு போயிற்று. நாலாவது தெருவரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "மஞ்ச காமாலன்னு நீ எம்மவனுக்கும் சேத்துல்ல பொய்யத் தெச்சிருக்க! இனிமே இந்த நம்பருக்குப் போன் போடாத."

நெல்லிக்குப்பத்தில் இருக்கும் தனத்தின் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். கதவைப் பாதி திறந்து, வரவில்லை என்றார்கள். பத்து நாள் கழித்து ஏதோ ஒரு நம்பரிலிருந்து அவளே கூப்பிட்டாள். பின்னால் கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவுகிற சத்தம். எந்த ஊர் என்று புரிபடவில்லை. "எங்கம்மா இருக்கே? மாத்திரை எங்கே கொண்டுவரட்டும்?" என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. "ரெண்டு பஸ்ஸு மாறிப் போயிகினு நல்லாத்தான்க்கா இருந்தேன். நீங்கதான் நடுவுல எறக்கி வுட்டுட்டீங்க."

திரும்பக் கூப்பிட்டால் யாரோ ஒரு பூக்காரம்மா எடுத்தார். அவசரம் என்று ஒரு பெண் போன் கேட்டாளாம், கொடுத்தாராம், அவள் பஸ் ஏறிவிட்டாளாம். எந்த பஸ் என்று அவர் கவனிக்கவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் தெரியாத முகங்களைத் தெரிந்தவள் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

தனம் விஷயத்தில் நான் உருப்படியாக முடித்துக்கொடுத்தது ஒரே ஒரு பச்சை ஜாக்கெட்தான், அதுவும் கை இறுக்கம்.