பாமினி எழுத்தில் ஒரு பால்கனி

பழைய கணினியை இன்றே எறிய வேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோமே என்று திறந்தேன்.

கல்யாணம் முடிந்து நான் யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்தபோது, இவர் இத்தாலியில் பலெர்மோவிலிருந்து தட்டி, அச்செடுத்து அனுப்பிய கடிதங்கள் இருந்தன. என்னிடமிருந்த பிரதிகள் இடம்பெயர்வில் போய்விட்டன. இவைதான் மிச்சம்.

திறந்தால், முழுக்க ஆங்கில எழுத்தும் கமாவும் கோடுகளும்.

கபோ சந்தைக்குப் பக்கத்துக் கணினித் திருத்தகக்காரர் பார்த்துவிட்டு, "வைரஸ், சிஞ்ஞோரா. அழித்துவிடுங்கள்" என்றார்.

மனம் கேட்கவில்லை. சாமிக்கு விளக்கேற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்தது. அந்த நாளில் எல்லோரும் பாமினி எழுத்துருவில்தானே அடித்தோம்! அந்த எழுத்துரு கணினியில் இல்லாமற்போனால் தமிழ் இப்படித்தான் ஆங்கில எழுத்தாகத் தெரியும்.

இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றி ஒன்று கிடைத்தது. கடிதத்தை அதில் ஒட்டிப் பொத்தானை அமுக்கினேன். கண் முன்னே தமிழ்.

"வீடு பெரிசு. பால்கனியிலை நிண்டால் கடல் தெரியும். கெதியா வாரும்."

நான் வந்து பார்த்தது அல்பெர்கேரியா என்ற நெரிசலான பகுதியில் ஒற்றை அறை. யன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு உடுப்புக் கொடி.

இவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "இஞ்சேருங்கோ, அந்தப் பால்கனி எங்கை?"

"உண்மையை எழுதியிருந்தால் வந்திருப்பீரே?"

"ஓம், வந்திருப்பன்."

"கடைக்காரன் சொன்ன மாதிரி அழிச்சிருக்கலாம்" என்று எழுந்து போனார்.

இன்னும் எட்டுக் கடிதங்கள் மாற்றக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் மூன்று இடங்களில் சேமித்துவிட்டேன். கணினியை எறிய இவர் ஏன் இவ்வளவு அவசரப்பட்டார் என்று இப்போது விளங்குகிறது.

உங்களவர் எழுதிய கடல், வந்து பார்த்தபோது தெரிந்ததா?