குசினிக்கு ஒரு வெள்ளைக் கல்

குசினியில் சமைக்கிற பேன்ட்ரி மேடைக்குக் கல் விற்கிற தொழிலில் முதல் வாரமே தெரிந்துவிடுகிற விஷயம் ஒன்று உண்டு: கல்லைப் பார்த்து ஆசைப்படுகிறவர் ஒருவர், அதில் வெங்காயம் நறுக்குகிறவர் இன்னொருவர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் அளவு நாடாவோடு நிற்கிறவள் நான்.

கடை பதுளையில். வீடு வீடாகப் போய் அளவெடுப்பதும், எந்தக் கல் எந்தக் குசினிக்குப் பொருந்தும் என்று சொல்வதும் என் வேலை. பதினாறு வருடமாக எல்லாருக்கும் நான் 'மிஸ்'. கல்லை அறுத்துப் பொருத்துகிறவர் ரவூப் நானா. அவர் அதிகம் பேச மாட்டார், பேசினால் நமக்குத் தூக்கம் வராது. வீடு கட்டினவர்கள், கட்டிக்கொண்டிருப்பவர்கள், குசினி மேடையின் நிறத்தால் மூன்று நாள் பேசாமல் இருந்த புருஷன் பெண்டாட்டிகள் எல்லாரும் என் கட்சி. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வீடியோ கோலில் வந்த கல்

நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்கிறவர் சிவலிங்கம் அண்ணன். ஒரு சனிக்கிழமை, மழைக்கோட்டு சொட்டச் சொட்டக் கடைக்குள் வந்தார். சாய்த்து வைத்திருந்த கல் எதையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்து போனை நீட்டினார். அதில் அவர் மனைவி புஷ்பம் அக்கா. குவைத்தில் ஒரு வீட்டில் பதினோரு வருடமாகச் சமையல் வேலை. வீடியோ கோலில் பேசும்போது பிடித்து வைத்த படங்கள். அக்காவுக்குப் பின்னால் பால் வெள்ளையில் ஒரு கல், அதில் பொன்னிறக் கோடுகள். விரலால் தள்ளித் தள்ளி இருபது படம் காட்டினார். இருபதிலும் அதே கல்.

"எப்ப பேசினாலும் இந்தக் கல்லு முன்னாலதான் வந்து நிப்பா மிஸ். அம்புட்டு புடிச்சிருக்கு அவளுக்கு" என்றார். புது வீட்டில் குசினி மட்டும்தான் பாக்கி. அக்கா இரண்டு மாத லீவில் வருகிறார், திரும்பிப் போக டிக்கெட்டும் போட்டாயிற்று. வருவதற்குள் இதே மாதிரி கல்லைப் போட்டுவிட்டால் டிக்கெட்டை அக்காவே கிழித்துவிடுவார் என்பது அண்ணனின் கணக்கு.

வெள்ளை மாபிள் மஞ்சளையும் தேத்தண்ணியையும் குடித்துவிடும் என்று எச்சரித்தேன். ஆனால் எனக்கும் ஆசைதான். பத்தடிக்கு எட்டடிக் குசினி, ஒரே ஜன்னல், அதுவும் கிழக்குப் பார்த்தது. வெள்ளைக் கல் போட்டால் காலை வெளிச்சத்தை வாங்கி அறை முழுக்கக் கொடுக்கும், இடமும் பெரிதாகத் தெரியும். ஓடரை எழுதிக்கொண்டேன். அண்ணன் போனைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தக் கல்லு வீட்டுல இருந்தா அவ திரும்பிப் போக மாட்டா மிஸ்."

உபயம்

அதே மாதம் அப்புத்தளையில் ராமையா மாஸ்டர் வீடு. பென்ஷன் எடுத்தவர், எதையும் ஆராய்ந்து செய்கிறவர். கறுப்புக் கிரனைட்தான் உறுதி, அழுக்குத் தெரியாது என்று அவரே முடிவு செய்துவிட்டு வந்தார். அப்புத்தளையில் பகல் இரண்டு மணிக்கே மூட்டம் வந்து ஜன்னலில் ஒட்டிக்கொள்ளும், கபட் வேறு கடும் பிரவுண், கறுப்பும் சேர்ந்தால் குசினி குகையாகிவிடும் மாஸ்டர் என்றேன். பாடம் நடத்துவது அவர் தொழில், கேட்டுக்கொள்வது அவர் பழக்கத்தில் இல்லை.

கல் பொருத்தின மறுநாளே போன் வந்தது. மத்தியானத்தில் லைட் போட்டுச் சமைக்கிறார்களாம். அழுக்குத் தெரியாத கல்லில் ரொட்டிக்கு மாவு பிசைந்தால் திருநீறு கொட்டின மாதிரி தெரிகிறதாம். போய்ப் பார்த்தேன். மேல் கபட்டுக்கு வெள்ளைப் பெயின்ட், அதன் அடியில் ஒரு லைட் பட்டி, சுவருக்குப் பளபளக்கும் வெள்ளை டைல் என்று எழுதிக் கொடுத்தேன், குசினி ஓரளவு கண் திறந்தது. ஆனால் மாஸ்டரை வீழ்த்தியது நான் இல்லை, வீடு பார்க்க வந்த அவர் மச்சான். கோயில் சுவரில் பதிக்கிற கல்லும் இதே கறுப்புத்தானே. மேடையைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "கல்லு ஜோரா இருக்கு மச்சான், உபயம்னு யாரு பேரப் போடப் போறீங்க?"

காணாமல் போன கடுகு

சிவலிங்கம் அண்ணன் ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் கல்லைப் பார்க்க வருவார். அப்படி ஒரு நாள் அவர் நிற்கும்போதுதான் பண்டாரவளையிலிருந்து அந்தத் தாத்தா வந்தார். தாத்தா என்றால் கிழவர் இல்லை, எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா, அக்காவைத் தாத்தா என்பார்கள். புருஷனுக்குப் புடவைக் கடை. பூப்போட்ட புடவை விற்றுப் பழகின கண் அவருக்கு. சிவப்பும் கறுப்பும் பொன்னும் பொடிப்பொடியாகக் கலந்த கிரனைட்டை அவரே தேர்ந்து போட்டிருந்தார். மினுக்கத்துக்குக் குறைவில்லை, கல்யாண வீடு மாதிரி இருந்தது குசினி.

தாத்தா சண்டைக்கு வரவில்லை, சிரித்துக்கொண்டேதான் வந்தார். அந்தப் புள்ளிக்கல்லில் எதை வைத்தாலும் மறைந்துவிடுகிறதாம். கடுகு சிந்தினால் தெரியாது, மிளகு தெரியாது, எறும்பு ஊர்வலம் போனாலும் தெரியாது. கழற்றி வைத்த மோதிரத்தை ஒன்றரை நாள் தேடி, கடைசியில் மேடையைக் கையால் தடவிக் கண்டுபிடித்திருக்கிறார். புள்ளிக்கல்லின் நடுவில் புள்ளியில்லாத ஒரு பலகை வைத்துக்கொள்ளுங்கள் என்று வெளிர் நிறத்தில் ஒரு துண்டுக் கல்லைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சொன்னார்: "கல்லு வடிவாத்தான் ஈக்குது மிஸ், ஆனா கறுவேப்பிலையத் தவிர வேற ஒண்டும் கண்ணுக்குத் தெரியுதில்ல."

அடிமட்டம்

எல்லாரும் கல்தான் போட வேண்டும் என்பதில்லை. தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் குசினி இழுத்துக் கட்டின ஒரு புதுப்பெண், கடையில் மிஞ்சின சாம்பல் நிற டைலை வாங்கிப் போனாள். சதுரம் சதுரமாக, நடுவில் வெள்ளைக் கோடு. கோட்டில் அழுக்கு ஏறும், பார்க்கக் கட்டம் போட்ட கொப்பி மாதிரி இருக்கும் என்று நான் முகம் சுளித்தேன். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கோடு பளிச்சென்று இருந்தது. போஞ்சிக் காயை வரிசையாகப் படுக்க வைத்து, அடிமட்டம் வைத்து அளந்த மாதிரி கோட்டுக்குக் கோடு நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும்: "கட்டம் நல்லதுங்க மிஸ், எங்க மாமியாரால இனிமே போஞ்சி பெருசு சின்னதுன்னு சொல்ல முடியாது."

இடியப்ப மெசின்

புஷ்பம் அக்கா வருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது வெள்ளைக் கல் நமுனுகுல மலை ஏறியது. வளைவுக்கு வளைவு ரவூப் நானா லொறியை நிறுத்திக் கல்லைத் தடவிப் பார்த்தார். மேடையின் அடியில் இரும்புச் சட்டம் கொடுத்து, மட்டம் பார்த்து, கல்லை இறக்கினார். ஜன்னலில் இருந்து வந்த வெயில் கல்லில் விழுந்து கூரை வரை ஏறியது. சிவலிங்கம் அண்ணன் போனை எடுத்து, படத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். கோடுகூட அதே மாதிரிதான் ஓடியது.

கருவிகளைக் கட்டிக்கொண்டே நானா கேட்டார், வீட்டுக்காரியிடம் கேட்டீர்களா என்று. கேட்டால் அப்புறம் என்ன சர்ப்ரைஸ் என்று அண்ணன் சிரித்தார். நானா சிரிக்கவில்லை. "என்ட பொஞ்சாதிக்குக் கேக்காம நான் வாங்கிக் குடுத்தது ஒரே ஒரு இடியப்ப மெசின்தான், அது இன்னும் பெட்டியோட ஈக்குது."

துணி

கல்லைப் பற்றி விளக்க நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அண்ணன் கூப்பிட்டதால், அக்கா வருகிற அன்றைக்கும் போனேன். வேன் வந்தது. அக்கா இறங்கினார். தோளில் கைப்பையோடு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அண்ணன் கைகாட்டிய பக்கம் நடந்து குசினிக்குள் வந்து நின்றார். கல்லைப் பார்த்தார். சிங்க் ஓரத்தில் கிடந்த துணியை எடுத்தார், நனைத்துப் பிழிந்தார், துடைக்க ஆரம்பித்தார். கண் எங்கோ இருந்தது, கை மட்டும் மூலை, ஓரம், குழாயின் அடி என்று ஓடியது. ஒரு துளி அழுக்கு இல்லாத கல்லை முழு நீளத்துக்கும் துடைத்து முடித்த பிறகுதான் தன் கையையே பார்த்தார்.

"இதத் தொடச்சுத் தொடச்சுத்தானேங்க பதினோரு வருசம் போச்சு" என்றார். கோபமில்லை, களைப்புத்தான். அண்ணனின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "நீதானே எப்பவும் அதுக்கு முன்னால வந்து நின்னு பேசுவ" என்றார் அவர். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். "அந்த வீட்டுல அந்த மூலையில மட்டுந்தாங்க வைஃபை புடிக்கும்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. இருபது படத்தையும் பார்த்தவள் நான். கல்லின் கோட்டைப் பார்த்தேன், வெளிச்சத்தைப் பார்த்தேன், முன்னால் நின்றவரின் தோளில் கிடந்த துடைக்கிற துணியை ஒரு படத்திலும் பார்க்கவில்லை. கழற்றிக் கொண்டுபோய் வேறு கல் போட்டுத் தருகிறேன் அக்கா என்றேன். அவர் கல்லை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்து, ஆள் பாரம் தாங்குமா என்று கேட்டார். கீழே இரும்புச் சட்டம் இருக்கிறது, தாங்கும் என்றேன். கைப்பையைக் கீழே வைத்தார், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார், ஒரே எம்பில் மேடையில் ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டார். "அங்க இதுல கை ஊனி நிக்கக்கூட ஏலாது" என்று சொல்லிவிட்டு, புருஷனைப் பார்த்து ஒரு பிளேன்டீ ஊற்றித் தரச் சொன்னார்.

அண்ணன் கோப்பை நிறைய ஊற்றினார், விளிம்பில் வழிந்தது. அக்கா பாதி குடித்துவிட்டுக் கோப்பையை வெள்ளைக் கல்லில் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அரை மணி நேரம் பேசினோம். அவர் கோப்பையை எடுத்தபோது கல்லில் பிரவுண் நிறத்தில் ஒரு முழு வட்டம். பதினாறு வருடப் பழக்கம், என் கை தானாகத் துணிக்குப் போனது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும் மிஸ், இப்பத்தான் இது நம்ம வீட்டுக் கல்லு மாதிரி இருக்கு."

ஒரு போன்

அன்றைக்கு டிக்கெட் பற்றி யாரும் பேசவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. லீவு முடிகிற நாளை மட்டும் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அந்த நாள் வந்து போய் ஒரு வாரம் ஆன பிறகும் சிவலிங்கம் அண்ணனைக் கடைப் பக்கம் காணவில்லை. ரவூப் நானாவிடம் சொன்னால் மறுபடியும் இடியப்ப மெசின் கதை வரும். கல்லுக்குப் பூசுகிற எண்ணெய் வந்திருக்கிறது என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அவர் நம்பருக்கு அடித்தேன். மறுமுனையில் கறி தாளிக்கிற சத்தம், அதற்கு மேலே புஷ்பம் அக்காவின் குரல்: "அவரு இப்ப பேச மாட்டாரு மிஸ், மேடையத் தொடச்சுக்கிட்டு இருக்காரு."

அன்றிலிருந்து கடைக்கு யார் போனில் படம் கொண்டுவந்து காட்டினாலும், கல் என்ன நிறம் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த வீட்டில் வைஃபை எந்த மூலையில் பிடிக்கும் என்று கேட்டுவிடுகிறேன்.