எங்கள் வீட்டுப் புவால்

பிரான்சில் பக்கத்து வீட்டுக்காரர் நம்மோடு வலிய வந்து பேசினால், ஒன்றில் அவருடைய நாய் தொலைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நாம் தொலைந்தோம். பாரிசின் புறநகரான கூசேன்வில்லில் வீடு வாங்கிய முதல் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு மதாம் வேலிக்கு அப்பால் நின்று என்னைக் கூப்பிட்டார். அவரிடம் நாய் இல்லை.

"முசியே, வோத்ர புவால்..." என்று தொடங்கி மூக்கைச் சுருக்கினார். 'உங்கள் புவால்' புகைக்கிறதாம், மணக்கிறதாம், கணவரால் மூச்சுவிட முடியவில்லையாம். அவர் நெஞ்சு வருத்தக்காரர். இருமினால் எங்கள் சுவரும் சேர்ந்து இருமும். நான் எல்லாவற்றுக்கும் "உய், உய், பார்தோன்" என்று தலையாட்டினேன். புவால் எனக்குத் தெரியாதா? முன்பு ரெஸ்டோரன்டுகளில் கழுவிக் கழுவி என் கைரேகையே அழிந்த சாமான். தாச்சி! என் மனுசி மீன் பொரிக்கிற தாச்சி!

உள்ளே ஓடிப்போய் அறிவித்தேன்: "இனி மீன் பொரிக்கவேண்டாம். பக்கத்து வீட்டு மனுசன் சாகப்போறான்."

"நான் பொரிக்கிற மீனாலயோ? அப்பிடியெண்டால் உங்களுக்கெல்லோ அது முதல்ல நடந்திருக்கவேணும்," என்றாள் மனுசி.

ஊருக்கெல்லாம் பகிடி விடுகிறவன்தான் நான். ஆனால் பயம் வந்தால் என் மூளை எனக்கு முன்னால் ஓடிவிடும். வாசலில் பொலிஸ், கூண்டில் நான், நீதிபதியின் மேசையில் சான்றுப்பொருளாகப் பொரித்த பாரைமீன். இதை பாரிஸ் லா சப்பலில் நான் வேலைசெய்யும் மரக்கறிக் கடையில் சொன்னேன். முதலாளி அண்ணை கேட்டார்: "என்னடாப்பா, மீனுக்கும் விசா இல்லையெண்டிட்டாங்களோ? சரி சரி, உந்த உடைஞ்ச பலகையளைக் கொண்டுபோய் எரி. வயிறு காய்ஞ்சாலும் குளிர் காயலாம்."

வாங்கும்போதே எங்கள் வரவேற்பறையில் ஒரு விறகு அடுப்பு இருந்தது. பெயின்ட் பூசிய, பசை ஒட்டிய, மழையில் ஊறிய கடைப் பலகைகளைப் பையில் திணித்து, ரயிலில் ஏற்றிவந்து அதற்குள் அடுக்குவது குளிர் தொடங்கியதிலிருந்தே என் வழக்கம். ஓசிச் சூடு. மீனும் இல்லாத வீட்டில் சூடாவது இருக்கட்டும் என்று இப்போது இரண்டு மடங்கு எரித்தேன்.

ஊரில் மண்ணெண்ணெய் கிடைக்காத சண்டைக் காலத்தில் பச்சை மட்டையை ஊதி ஊதிச் சமைத்தவர்கள் நாங்கள். புகையைப் பற்றி ஒருவரும் முறையிட்டதில்லை. புகை எழும்பாத வீட்டைப் பார்த்துத்தான் அயல் கவலைப்பட்டது. ஆகவே என் சட்டப்புத்தகத்தில் மீன்மணம் குற்றவாளி, விறகுப்புகை நிரபராதி.

மீனை நிறுத்தியும் இருமல் நிற்கவில்லை. கூடியது. மதாம் அழுத கண்ணோடு திரும்பவும் வந்தார். இங்கே பிறந்த என் மகள் கதவைத் திறந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "மீன் இல்லை மதாம், புவாசோன் பினி!" என்று சத்தியம் பண்ணினேன். மதாம் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள்.

"மே நோன், அப்பா! லா புவால் இல்லை, லெ புவால்!"

'லா' போட்டுப் பெண்பாலென்றால் தாச்சியாம், 'லெ' போட்டு ஆண்பாலென்றால் விறகு அடுப்பாம். 'வோத்ர' இரண்டுக்கும் பொது. இரும்புச் சாமானுக்கும் ஆண், பெண் பார்க்கிற நாடு என்று மொழி வகுப்பில் விழுந்து விழுந்து சிரித்தவன் நான்.

மதாம் மேலும் ஏதோ சொல்ல, மகளின் சிரிப்பு நின்றது. "அப்பா, நீங்கள் எரிக்கிற பலகையில பெயின்ட் இருக்காம். அந்தப் புகைதான் அவரின்ர நெஞ்சுக்குள்ள போகுதாம். நேற்று மூச்செடுக்கேலாமல் விழுந்திட்டாராம்."

அன்றே அடுப்பை அணைத்தேன். காய்ந்த விறகுக்குச் சொல்லியிருக்கிறது, புகைக்குழாய் துடைக்கவும் ஆள் வரவேண்டும். அதுவரை எங்கள் வீடு மீன் வைக்கிற ஐஸ்பெட்டி. மனுசி சமைக்கிற குசினியில் மட்டும் கொஞ்சம் உயிர்.

ஞாயிற்றுக்கிழமை மனுசி திரும்பவும் மீன் பொரிக்கத் தாச்சியை வைத்து, மணம் போக ஜன்னலைத் திறந்தாள். எதிரே அவர்களுடைய ஜன்னலும் திறந்தது. போர்வைக்குள் மதாமின் கணவருடைய மெலிந்த முகம். நான் மூச்சைப் பிடித்தேன். அவர் மெல்ல இழுத்து, இருமாமல் விட்டார். "சா சான் போன்," என்றார். நல்லா மணக்குதாம். கையும் காட்டினார்.

ஒரு கையைத் தாச்சிக்கு மேலே சூட்டுக்குப் பிடித்தபடி, மற்றக் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினேன். வெளியே நின்ற கை விறைத்தது. உள்ளே நின்றதில் எண்ணெய் தெறித்தது. இரண்டையும் எடுக்க மனம் வரவில்லை.