உமித் தலையணை

எங்கள் மாமனார் முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். பாதி வழியில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரை வெளியே எடுத்துவிட்டவர். அத்தை போன பிறகு அவரே பாதியில் நின்றுவிட்டார். சாப்பிடுங்கள் என்றால் சாப்பிடுவார், குளியுங்கள் என்றால் குளிப்பார்.

வாய் திறந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மொட்டைமாடியில் அத்தை பெயிண்ட் வாளிகளில் வளர்த்த பனிவரகு. நான் கடையில் வாங்கிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன்.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இது அவ வளர்த்தது இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. அவர் கண்ணைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

அத்தையின் டப்பாவில் மிச்சமிருந்த இரண்டு பிடியை எடுத்துப்போய் அவரே விதைத்தார். காலையும் மாலையும் தண்ணீர் வேறு. பதினைந்து நாளாகியும் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. அப்புறம்தான் டப்பாவை வாங்கிப் பார்த்தேன்.

"மாமா, இது உமி எடுத்த அரிசி! சமைக்க வெச்சதப் போயா விதைச்சீங்க?"

லிஃப்டின் ஒவ்வொரு திருகும் தெரிந்த மனுஷன், திருதிருவென்று விழித்தார். அத்தை படுக்கையில் விழுந்த வருஷம் விதைக்கென்று எதுவும் எடுத்து வைக்கவில்லை.

உமியோடு இருந்தது வீட்டில் ஒரே இடத்தில்தான். அத்தை புடைத்த உமியை எறியமாட்டாள், தன் தலையணையில் அடைத்துக்கொள்வாள். அவள் அவசரக்காரி, உமியோடு நல்ல மணியும் கொஞ்சம் போய்விடும். அந்தத் தலையணை ஒன்றரை வருஷமாகக் கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்திலேயே கிடக்கிறது. உறையைத் துவைக்கக்கூட அவர் விட்டதில்லை.

"பிரிச்சுப் பாக்கலாமா மாமா?"

"அதுல கைய வெச்சுப் பாரு!" என்று எரிந்து விழுந்தார். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாலாம் நாள் காலையில் தலையணையை அணைத்தபடி அவரே வந்து நின்றார்.

"பிரிச்சா அவ வாசம் போயிடும்ல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "போயிடும் மாமா."

கத்தரிக்கோலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

முறத்தில் கொட்டி, ஊதி ஊதிப் பொறுக்கினோம். முகமெல்லாம் உமி, அவருக்கு விடாத தும்மல் வேறு. தேறியது நாற்பத்தொரு மணி. முளைத்தது பதினொன்று. குருவிகளுக்குப் பயந்து வலை கட்டிவிட்டு, மாடியிலேயே குடியிருக்காத குறைதான்.

இரண்டு மாதத்தில் கதிர் பழுத்தது. பாதியை உமியோடு விதைக்கு வைத்தோம். மீதியைக் குத்திக் காய்ச்சினேன். மொத்தமே நாலு வாய்தான் இருக்கும். முதல் வாயை வைத்ததுமே, "உப்பு கம்மி" என்றார்.

அத்தை எதைச் செய்து கொடுத்தாலும் அவர் சொல்கிற அதே குறை. உப்பை எடுக்க எழுந்தேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அன்னைக்கு உன் கஞ்சிய நல்லா இருக்குன்னு சொன்னேன்ல? அவகிட்ட ஒரு நாள்கூட சொன்னதில்லம்மா."