அட்டைப்படத்துப் பெண்ணைத் தேடியவன்

இருபது வயதில் ரமாபாய்க்கு ராயபுரத்து ஓவியர் ஒருவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் வேலை. வாரப்பத்திரிகைகளுக்கு அட்டைப்படம் வரைகிறவர். "கொஞ்ச நேரம் சன்னலோரம் நில்லும்மா" என்பார். நிற்பாள். முகம் மட்டும்தான் அவளுடையது. நனைந்த சேலையும் ஒசிந்த இடுப்பும் அவர் கற்பனை. பெட்டிக்கடைக் கயிற்றிலும் சலூன் சுவரிலும் தொங்கியவளைப் பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

ஒருவன் மட்டும் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். தினமும் பஸ் ஸ்டாப்பில் நிற்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். கையிலிருக்கும் அட்டையைப் பார்ப்பான், அவளைப் பார்ப்பான். ரமாபாய் வேலையை விட்டாள். கல்யாணமாகித் திருவொற்றியூர் வந்தபின் யாரிடமும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. போன மாதம் பழைய பேப்பர் போடப் போனவள், கடைக்காரர் ஜெபசிங்கின் மேசையில் அதே அட்டையைக் கண்டாள்.

"ஒரு பெரியவரு இத மட்டும்தான் கேட்டு வாராருக்கா" என்றார் ஜெபசிங். "இந்தப் பொண்ணு இங்கனதான் இருக்காளாம். தெருத்தெருவா விசாரிக்காரு."

ரமாபாய் பேப்பர் காசைக்கூட வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினாள்.

அடுத்த ஞாயிறு காலை, குழாயடியில் அவன் எதிரே வந்து நின்றான். தலை நரைத்திருந்தது, அந்தப் பார்வை மட்டும் அப்படியே இருந்தது. பிளாஸ்டிக் உறையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினான்.

"இந்தப் பொண்ணைப் பார்த்திருக்கீங்களாம்மா?"

அவள் முகத்தைப் பார்த்தே கேட்டான். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு உயிர் வந்தது.

"அது செத்துப் பூட்ச்சு சார். ரொம்ப வர்சமாச்சு."

"இல்லம்மா" என்றான் சாந்தமாக. "நேத்துகூடப் பார்த்தேன். காலேஜ் பையோட போனா."

ரமாபாய் குடத்தைக் கீழே வைத்தாள். பேத்தி கார்குழலி பாட்டியை உரித்து வைத்த மாதிரி இருப்பாள்.

"யோவ், நல்லா பாருய்யா!" என்று கத்தினாள். "அது நான்தான்யா! என் மூஞ்சிய பாத்துதான் வரஞ்சாங்க. உனுக்கு இன்னா வோணும்?"

குழாயடிப் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, அட்டையை மடங்காமல் உறைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

அன்றே மகனிடமும் பேத்தியிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். வயசானவர் என்று எச்சரித்து அனுப்பிவிட்டார்களாம்.

"அந்தாளு நேத்து வந்தாருக்கா" என்றார் ஜெபசிங் சில நாள் கழித்து. "இனிமே அட்டை வேண்டாம், ஆளையே பாத்தாச்சுன்னுட்டாரு."

மறுநாள் முதல் ரமாபாயும் பேத்தியோடு பஸ் ஏறுகிறாள். சன்னலோர சீட்டில் தான் உட்கார்ந்துகொண்டு, அவளை உள்பக்கம் உட்கார வைக்கிறாள்.