சேதிப் பெட்டியில் கிடந்த இருபத்தைந்து நிமிஷம்

அன்று எனக்குக் காலை ஷிப்ட். ஏழரை மணி இருக்கும். தென்காசி எக்ஸ்சேஞ்சில் என் போர்டில் திருநெல்வேலி டிரங்க் லைன் விளக்கு எரிந்தது. பிளக்கைச் செருகினேன். வடகரையில் ஒரு ரைஸ் மில் நம்பரைக் கேட்டது ஒரு பெண் குரல். அழுது ஓய்ந்த குரல். அந்த மில்லை ஒட்டியது சிவசைலம் அண்ணாச்சியின் தம்பி வீடு என்று எனக்குத் தெரியும். பேசுவது அண்ணாச்சியின் மகள் செல்வி என்றும் தெரிந்துவிட்டது. இணைப்புக் கொடுத்த பிறகு நாங்கள் ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது இலாகா விதி. கேட்டேன். "சித்தப்பாவக் கூப்பிடுங்க. ஆஸ்பத்திரியில அப்பா போயிட்டாகன்னு சொல்லுங்க" என்றாள். அதன்பின் ஷிப்ட் முடியும்வரை யார் யாருக்கோ இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எதுவும் நினைவில்லை.

நம் ஸ்கிராபிள் கூட்டத்தில் மிச்சமிருக்கும் நீங்கள் அண்ணாச்சியின் பதினாறாம் நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுவதாகவும், ஆளுக்கு ஒரு பக்கம் தர வேண்டும் என்றும் கேட்டீர்கள். என்னுடையது ஒரு பக்கத்தில் அடங்காது. இதை எழுதாமல் தப்பித்துக்கொள்ளத்தான் பார்த்தேன். அண்ணாச்சி விடவில்லை. அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

மலரை வாங்கும் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இது என்ன ஆட்டம் என்றே தெரியாது. பையிலிருந்து ஆங்கில எழுத்துக் கட்டைகளை ஏழேழாக எடுத்து, கட்டம் போட்ட பலகையில் வார்த்தை கோக்க வேண்டும். எழுத்துக்கு இத்தனை பாயிண்ட் என்று கணக்கு. எழுபதுகளில் இந்த ஊரில் ஒன்பது பேருக்கு இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. காலேஜில் இங்கிலீஷ் நடத்திய லெக்சரர், இன்சூரன்ஸ் ஆபீசர், கம்பவுண்டர், இரண்டு பாங்க்காரர்கள், டெலிபோனிலிருந்து நான் என்று பல தினுசு. ரயில்வேயிலிருந்து அசிஸ்டெண்ட் ஸ்டேஷன் மாஸ்டர் சிவசைலம் அண்ணாச்சி. ஒன்பது பேரில் நான் ஒருத்திதான் பெண். முதல் நாளே அவர் என்னைத் "தங்கச்சி" என்று கூப்பிட்டுவிட்டதால் மற்றவர்களின் வாய் அடங்கியது.

வருஷாவருஷம் சாரல் காலத்தில் ஒரு சனி, ஞாயிறு குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலை எடுத்துப் போட்டி நடத்துவோம். ஊரே அருவிக்குப் போகும். நாங்கள் கண்ணாடி ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஈரக் காற்றில் கட்டைகள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டும். அண்ணாச்சி முகப்பவுடர் டப்பாவோடு வந்து கட்டைகளுக்கெல்லாம் பவுடர் பூசுவார். ஞாயிறு சாயங்காலம் நாங்கள் பஸ் ஏறும்போது எல்லார் விரலும் வெள்ளையாக இருக்கும். அவர் மனைவி ஆவுடையம்மாள் மதினி பெரிய தூக்குச்சட்டியில் புளியோதரை கொடுத்துவிடுவார். "என்னைக்காவது அந்தப் பலகைய அடுப்புல வைக்கேன் பாருங்க, அப்பத்தான் இவுக வீடு தங்குவாக" என்று என்னிடம் சொல்வார். வைக்கவில்லை.

அண்ணாச்சியைத் தங்கமான மனிதர் என்று இந்த மலரில் எல்லோரும் எழுதியிருப்பீர்கள். ஆட்டத்தில் அவர் தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. தோற்றால் இரண்டு நாள் முகம் கொடுக்க மாட்டார். ஜெயித்தால் அதைவிட மோசம். தோற்றவனுக்கு அவன் எங்கே கோட்டைவிட்டான் என்று கட்டம் கட்டமாக விளக்குவார். "கையில இருக்கத வச்சு ஆடணும் தங்கச்சி, வராத எழுத்துக்கு மூஞ்சியத் தூக்கப்பிடாது" என்று எனக்குச் சொன்னவர், தனக்கு நல்ல எழுத்து வராதபோது பையையே முறைத்துப் பார்த்தார். நாலு வருஷம் இரண்டாம் இடத்திலேயே நின்றார். கோப்பை என்று நாங்கள் கொடுத்தது ஒரு எவர்சில்வர் கூஜா. அதற்காக அவர் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பு வரும். இப்போது வரவில்லை.

ஒரு வருஷம் ஆட்டம் நடுவில் இருக்கும்போது இன்சூரன்ஸ் ஆபீசரின் மச்சான் வந்து நின்றார். புளியறை செக்போஸ்டில் லாரி மாட்டிக்கொண்டதாம், உடனே வர வேண்டுமாம். ஆபீசர் எழுந்து போய்விட்டார். எதிரே உட்கார்ந்திருந்த அண்ணாச்சி ஜெயிக்கிற கட்டம். ஆட்டத்தைச் செல்லாது என்று விட்டுவிட்டோம். "இது போட்டியா, சந்தையா?" என்று அவர் கத்தியது அடுத்த அறைவரை கேட்டது. அடுத்த வருஷம் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். மூடியில் பிளேடால் வாய் வெட்டியிருந்தது. இனிமேல் ஆட்டத்தின் நடுவே யாருக்கு என்ன சேதி வந்தாலும் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும், ரவுண்டு முடிந்துதான் திறக்க வேண்டும். ஒன்பது பேர் என்பதால் ரவுண்டுக்கு ஒருவர் சும்மா இருப்பார். அவர்தான் பெட்டிக்குக் காவல். ரயில்வே பாஷையில் சொன்னார்: "ரயிலுக்கு லைன் கொடுத்தாச்சுன்னா அப்புறம் பேச்சுக் கிடையாது." எல்லோரும் கைதட்டினோம். அந்த விதியை நல்ல கையெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவள் நான்.

அந்த ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். கடைசி ரவுண்டில் அண்ணாச்சியும் லெக்சரரும். அண்ணாச்சி ஜெயித்தால் கூஜா அவருக்கு. அந்த ரவுண்டில் நான் சும்மா இருந்தேன். பெட்டி என் மடியில். லாட்ஜ் மேனேஜர் வந்து, "அக்கா, சிவசைலம் சாருக்குப் போன்" என்றார். வராந்தாவுக்குப் போய் நான்தான் எடுத்தேன். அண்ணாச்சியின் பக்கத்து வீட்டு அம்மாள். "மதினிக்கு மூச்சு இழுக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். அவுகள வரச் சொல்லுங்க" என்றார்.

மதினிக்கு இழுப்பு உண்டு. சாரல் பிடித்தால் அதிகமாகும். முந்தைய இரண்டு வருஷமும் போட்டி நாளில் இதே போன் வந்தது. இரண்டு முறையும் சீட்டு பெட்டிக்குள் கிடந்தது. அண்ணாச்சி வீட்டுக்குப் போனபோது மதினி எழுந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் நான் யோசித்தேன் என்று சொன்னால் நியாயமாகத்தான் இருக்கும். "மதினிக்கு இழுப்பு, ஆஸ்பத்திரி, உடனே வரவும்" என்று எழுதிப் பெட்டியில் போட்டேன். ஆட்டம் முடிய இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அண்ணாச்சி ஜெயித்தார். சீட்டைப் படித்துவிட்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். கம்பவுண்டர் பின்னாலேயே ஓடிப்போய் டாக்ஸி பிடித்தார். தென்காசி ஆஸ்பத்திரி வாசலில் பன்னிரண்டு வயதுச் செல்வி நின்றுகொண்டிருந்தாள். மதினி போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. போகும் முன் இரண்டு முறை அண்ணாச்சி எங்கே என்று கேட்டிருக்கிறார்.

துக்க வீட்டில் மதினியின் அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "ஏட்டி, ஊருக்கெல்லாம் போன் பேசி வைக்கியே, என் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை சொல்லதுக்கு உனக்கு வாய் இல்லாம போச்சாக்கும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அண்ணாச்சி உள்ளேயிருந்து வந்து, "விதி நான் போட்டது. தங்கச்சிய யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது" என்றார். கூடியிருந்தவர்கள் அவர் பெருந்தன்மையைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். ஆனால் செல்வி கலங்கவில்லை. கதவோரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு போட்டி நின்றது. ஒன்றரை வருஷம் அண்ணாச்சி என்னிடம் பேசவில்லை. பிறகு ஒருநாள் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்து நின்று, "சனிக்கிழமை ரீடிங் ரூம்ல ஒரு ஆட்டம் போடுவோமா தங்கச்சி?" என்றார். பலகையைத் தூசி தட்டினோம். அதன்பின் ஏழெட்டு வருஷம், அவருக்கு டியூட்டி இல்லாத சனிக்கிழமைகளில் ஆடினோம். அந்த ஞாயிறைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சாயங்காலம் செல்வி அப்பாவைக் கூட்டிப் போக வருவாள். தெருவிலேயே நிற்பாள். உள்ளே வா என்று நான் கூப்பிட்டால் எதிர்க் கடையைப் பார்ப்பாள்.

போன மாசம் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. மதினியைப் போலவே அவருக்கும் இழுத்தது. செல்வி மருந்து வாங்கக் கீழே போனதும் என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"தங்கச்சி, அன்னைக்கு நீங்க வராந்தாவுல சீட்டு எழுதுனத நான் ஜன்னல் வழியாப் பாத்தேன்."

போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டேன்.

"நீங்களும் என்னைப் பாத்திய. எனக்குத்தான் சேதின்னு தெரிஞ்சுபோச்சு. என்ன சேதியா இருக்கும்னும் தெரியும். அப்ப நாப்பது பாயிண்ட் முன்னால இருந்தேன். எந்திரிச்சிருந்தா நீங்க கையில தந்திருப்பிய. தலையக் குனிஞ்சுக்கிட்டேன்."

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றேன்.

அது உண்மை. அந்த ஜன்னலில் எங்கள் கண்கள் சந்தித்ததை ஒருநாளும் நான் மறக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அவர் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. பத்து வருஷம் ஊர் என்னைத்தானே ஏசியது.

"செல்விக்கிட்டச் சொல்லிருங்க" என்றார். "நான் போன பெறவு."

"நீங்களே சொல்லுங்க. என்னை எதுக்கு இழுக்கிய?"

"அவதான் எனக்குக் கஞ்சி ஊட்டுதா. சொன்னா அந்தக் கை நின்னுரும். எனக்குத் தைரியம் இல்ல தங்கச்சி."

சாவுக்குத் துணிந்த மனிதர் ஒரு ஸ்பூன் கஞ்சிக்குப் பயந்தார். சரி என்று சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

சொந்த ஊரான வடகரைக்கு அவர் உடலைக் கொண்டு வந்தபோது செல்வி முதல்முறையாக என்னிடம் பேசினாள். "அப்பா கடைசிவரைக்கும் ஒங்களக் குத்தம் சொல்லல அத்தை. ஆனா எனக்கு மனசு ஆறல. ஒரு போன் சேதியச் சொல்லதுக்கு ஒங்களுக்கு என்ன கஷ்டம்?" நாக்கு நுனிவரை வந்தது. வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் அப்பாவின் கண்ணாடி இருந்தது. "என் தப்புதாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

இங்கே எழுதுவதற்கும் கை கூசுகிறது. இறந்தவர் மேல் பழியைத் தள்ளிவிட்டுத் தான் தப்பிக்கிறாள் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். சொல்லுங்கள். அவர் என்னிடம் கேட்ட ஒரே காரியம் இது. நேரில் செய்ய எனக்கும் தைரியம் இல்லாமல் போயிற்று.

செல்வி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். உன் அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தார். அதற்காக அவர் பத்து வருஷம் ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கவில்லை என்றும் நினைக்கிறேன். ஆனால் மீதியையும் படித்துவிடு. அவர் தலையைக் குனிந்ததை நான் பார்த்தேன். அப்போது சீட்டு என் கையில்தான் இருந்தது. ஹாலுக்குள் நாலு எட்டு வைத்து அவர் தோளைத் தட்டியிருக்கலாம். அவர் ஜெயிக்கட்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. அண்ணாச்சி குனிந்த பிறகுதான் நான் அதைப் பெட்டிக்குள் போட்டேன். உன் அப்பாவின் பங்கை உன்னிடம் கொடுத்துவிட்டேன். நீ அவரை மன்னித்தாலும் சரி, மன்னிக்காவிட்டாலும் சரி. என் பங்கை யாரிடமும் கொடுக்கப் போவதில்லை. அண்ணாச்சி போனபின் அவரோடு பகிர்ந்துகொண்டது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.