அந்தப் பொட்டலில் காயவைத்த சட்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷமாக எனக்குள் தடுமாற்றம். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் பேப்பரை எடுத்து வைப்பேன். ரெண்டு வரி எழுதுவதற்குள் பயம் வந்துவிடும். நான் எழுதி முடிப்பதே அந்த மனுஷனுக்குக் கருமாதி பண்ணின மாதிரி ஆகிவிடுமோ என்கிற பயம்தான். போன ஆடியில் அவர் பெண்சாதியிடமே போய்க் கேட்டேன். "எழுதுக்கா. உள்ளது உள்ளபடி எழுது" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரருக்கு விம்கோ நகரில் வேலை. திருவொற்றியூரில் கடலைப் பார்த்த தெருவில் குடியிருந்தோம். தெருக்கோடியில் மீனவர் குப்பம். குப்பத்துக்கும் எங்களுக்கும் ஒரே குழாய். என்னை எழுதச் சொன்ன அவளும் நானும் அங்கேதான் பழக்கம். அவள் புருஷன் விடிவதற்கு முன்னே இன்னும் ரெண்டு பேரோடு கட்டுமரத்தில் கடலுக்குப் போனார். துறைமுகத்துக்கு வந்த ஏதோ பெரிய கப்பல் இடித்ததில் மரம் சிதறிவிட்டது. ரெண்டு பேரை வேறு மரக்காரர்கள் தூக்கி வந்துவிட்டார்கள். அவர் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்ததை அந்த ரெண்டு பேரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் ஒரு அலை மறைத்ததாம். அவ்வளவுதான். கவர்மென்ட் படகில் சில நாள் தேடினார்கள். பிறகு, இனித் தேடிப் பிரயோஜனமில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இன்னொரு தடவை தேடணும்.

அதைக் கேட்க, கவர்மென்ட் ஆபீசுக்கு எதிரே இருந்த பொட்டலில் போய் உட்காருவது என்று பெண்கள் முடிவெடுத்தோம். வலை உலர்த்துவது, கருவாடு காயவைப்பது, பையன்கள் பந்து ஆடுவது எல்லாம் அந்த மண்ணில்தான். யாரும் யாரையும் கேட்டதில்லை. ஆனால் ஆபீசில் சொல்லப் போனபோது புதிதாக மாட்டியிருந்த ஒரு போர்டைக் காட்டினார்கள். தர்ணா, உண்ணாவிரதம், கூட்டம் எதுவானாலும் இட வாடகை, சுத்தம் பண்ணுகிற கட்டணம், அதற்கு மேல் முன்பணம். எங்கள் வீடுகளில் மாசக்கணக்கில் அடுப்பெரியும் அந்தக் காசில்.

அங்கிருந்த கிளார்க் கெட்டவர் இல்லை. வெளியே வந்து, குரலைத் தாழ்த்தி வழி சொன்னார். "பதினாறாம் நாள் துக்கம்னு எழுதிக் குடுங்கம்மா. சாவுக்கு வாடகை கிடையாது. உக்காந்து எவ்வளவு நேரம் வேணா அழுங்க."

எங்களுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. குப்பத்துப் பெரியவர்கள், வேண்டுமானால் வசூல் பண்ணிக் கட்டிவிடலாம் என்றும் சொன்னார்கள். அவள் ரெண்டுக்கும் சம்மதிக்கவில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"செத்துட்டான்னு அழுதா ஓசி. உயிரோட கீறான், தேடுன்னு கேட்டா துட்டு. இன்னா நாயம்க்கா இது? நம்ம மண்ணுல குந்திகினு கேக்க நான் துட்டும் குடுக்க மாட்டேன், தாலியும் குடுக்க மாட்டேன்."

அவள் மாமியாருக்கு இது பொறுக்கவில்லை. பெற்றவள் மனசு, போய்விட்டான் என்றே தீர்மானித்துவிட்டது. "எம்புள்ள ஆவி கரைக்கும் தண்ணிக்கும் அலையுதுடி. ஒரு வாய் சோறு வைக்க உடாம பட்டினி போடுறியே" என்று மருமகளைப் பார்த்துக் கேட்டாள்.

உடம்பு கிடைக்காவிட்டால் போட்டுக் கழற்றிய சட்டையை வைத்துக் காரியம் பண்ணுவது அங்கே வழக்கம். மறுநாள் காலையில் மாமியாரே முன்னால் நடந்தாள். பலகை, விளக்கு, மகனுடைய நீலச் சட்டை. எண்ணெயும் திரியும் நான் எடுத்துப் போனேன். அந்த ஆத்மா அலையக் கூடாது என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன். பொட்டலில் பலகையைப் போட்டு, சட்டையை விரித்து, கிழவி ஒப்பாரிக்கு வாயைத் திறந்தாள். அப்போது அவள் வந்தாள். முகத்தில் மஞ்சள், பெரிய பொட்டு, தலை நிறையப் பூ. யாரோடும் பேசாமல் சட்டையை எடுத்தாள். பொட்டல் ஓரத்துக் குழாயில் நனைத்து, சோப்புப் போட்டு, அடித்துத் துவைத்து, பிழிந்து, வலை உலர்த்துகிற கயிற்றில் மாட்டினாள். கிழவி திறந்த வாயை மூடவில்லை. ஒப்பாரியும் வரவில்லை.

கிளார்க் ஒரு போலீஸ்காரரோடு வந்து, இது துக்கமா போராட்டமா என்று கேட்டார்.

"துணி காயுது சார். வூட்டுக்காரர் வந்தா போட்டுக்கணும்ல? இதுக்கும் போர்டுல ரேட்டு எழுதிகீறீங்களா?"

போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு பெண், "எழுதலன்னா சொல்லு நைனா, எங்க வூட்டு அழுக்கு மூட்டையும் எடுத்தாறோம்" என்றாள்.

சொன்னபடியே எடுத்து வந்தார்கள். அடுத்த நாள் பொட்டல் முழுக்கச் சட்டையும் லுங்கியும். கோஷம் இல்லை, கொடி இல்லை. யார் கேட்டாலும் "காயுது" என்போம். ஆபீஸ்காரர்கள் ஈரத்துணிக்கு அடியில் குனிந்துதான் போய்வந்தார்கள். கடல் காற்று வீசினால் சட்டைக் கைகள் எல்லாம் உப்பிக்கொண்டு எழும்பும். எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வராது. ஒவ்வொரு சட்டைக்குள்ளும் ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். அவள் தினமும் அதே நீலச் சட்டையைத் துவைத்துப் போடுவாள். மாமியார் தினமும் அதன் நிழலில் வந்து உட்காருவாள். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்து, "தோ பாரு, தோள் எப்படிப் பொடச்சிகினு கீது. எம்புள்ளைக்கு அதே தோளு" என்றாள். அதற்கப்புறம் கிழவி காரியத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

கடைசியில் மேலதிகாரி ஒருவர் இறங்கி வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். அவள் சொன்னாள். படகு மறுபடி தேடப் போனது. ஒரு உடைந்த கட்டையும் கொஞ்சம் கயிறும் கொண்டுவந்தார்கள். அவர் வரவில்லை.

எங்களிடம் யாரும் வாடகை கேட்கவில்லை. போர்டையும் யாரும் கழற்றவில்லை. பிறகு மணலிப் பக்கத்துத் தொழிலாளிகள் சிலர் காசு கட்டிவிட்டுத்தான் அங்கே உட்கார்ந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். இப்போது அங்கே மதில் சுவர். உள்ளே கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன.

மாமியார் காலமாகிவிட்டாள். மருமகள் இன்னும் மீன் விற்கிறாள், பொட்டோடும் பூவோடும். பார்த்து முணுமுணுக்கிறவர்கள் உண்டு. என் மகள் வளைகாப்பில் முதல் வளையலை அவளைத்தான் போடச் சொன்னேன். அது தப்பென்றால் அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். சட்டை நிறம் வெளுத்து நூலாகிவிட்டது. இன்னும் துவைக்கிறாள். எங்கள் மாடியில் துணி படபடத்தால் இப்போதும் யார் வந்தது என்று எழுந்து போய்ப் பார்ப்பேன்.

படித்தவர்கள் நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, கதைக்கு ஒரு முடிவு வேண்டுமே என்று அவர் செத்துப்போனார் என்கிற ஒரு வார்த்தையைச் சேர்த்துவிடாதீர்கள். அந்த வார்த்தையைச் சொன்னால் மண்ணை ஓசியில் தருகிறோம் என்றார்கள். அவள் சொல்லவில்லை.